சர்க்கரைவள்ளியும் சேப்பங்கிழங்கும்

எங்கள் வீட்டில் மகள் குரல் கொடுத்தால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்போம். நான் அம்மா. என் மாமியார் அமா. தைவானிய மொழியில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் எழுத்தைச் சட்டென்று சொல்லிவிட்டு, ‘மா’வை உயரத்திலிருந்து கீழே இறக்குவார்கள். ஆத்தூரிலிருந்து என் அம்மா வந்து தங்கும் மாதங்களில் ‘அம்மாயி’யும் சேர்ந்துகொள்ளும். இந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு என் மகள் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அவள் அப்பாவைப் பற்றி. என் கணவர் 1982-ல் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே மான்டரே பார்க்கில் பிறந்தவர். தன்னைத் தைவானிய அமெரிக்கர் என்று சொல்லிக்கொள்வார். அப்படிச் சொல்லிக்கொள்ள அவருக்கு முப்பது வருஷம் பிடித்தது. அதற்கு உதவியது எந்த வரலாற்றுப் பாடமும் இல்லை. கஞ்சி, நூடுல்ஸ், ஒரு கேசட், ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர், இவ்வளவுதான். சாப்பாடும் பாட்டும் அடையாளத்தின் மேல்பூச்சு, உள்ளே வேறு ஏதோ இருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பதின்மூன்று வருஷம் சாப்பிட்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

என் மாமனார் தைவானில் தாய்னான் பக்கத்து விவசாயக் குடும்பம். எழுபதுகளில் பொறியியல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தார். அவர் விட்டு வந்த ஊரில் ராணுவச் சட்டம் இருந்தது. 1949 மே 20 அன்று போட்டதை 1987 ஜூலை 15 அன்றுதான் எடுத்தார்கள். தைவானை ஐம்பது வருஷம் ஆண்ட ஜப்பானியர் 1945-ல் போனதும், சீனாவிலிருந்து கோமின்டாங் கட்சியின் ஆட்சி வந்தது. 1947 பிப்ரவரி 28 அன்று கிளம்பிய எதிர்ப்பை ராணுவத்தை விட்டு அடக்கியதில் ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள். அதைப் பற்றி அதன் பிறகு நாற்பது வருஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அமெரிக்கா வந்தால் பேசலாமே என்று நமக்குத் தோன்றும். ஹென்றி லியு என்ற எழுத்தாளர், அப்போதைய தைவான் அதிபரின் வாழ்க்கையை விமர்சித்து எழுதியவர், 1984 அக்டோபர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் தன் வீட்டு கராஜிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்களை அனுப்பியது தைவானின் ராணுவ உளவுத்துறை என்று பிறகு வெளிவந்தது. கொலை நடந்தது கலிஃபோர்னியாவில். அப்போது என் கணவருக்கு இரண்டு வயது. அந்த வாரத்தில் மாமனார் வீட்டிலிருந்த சில பத்திரிகைகளை எடுத்துப்போய் எங்கோ போட்டுவிட்டு வந்தார் என்று மாமியார் ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை.

அதனால் அந்த வீட்டில் அரசியல் பேச்சு இல்லை. ஊரை விட்டு ஏன் வந்தோம் என்ற பேச்சு இல்லை. எந்தச் சித்தப்பா எந்த வருஷம் காணாமல் போனார் என்ற பேச்சு இல்லை. சாப்பாட்டைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசினார்கள். தாய்னான் மீன் கஞ்சியில் இஞ்சி எவ்வளவு மெலிசாக நறுக்கியிருக்கும், சிப்பி ஆம்லெட்டில் கிழங்கு மாவு ஏன் அதிகமாகக் கூடாது, எந்தக் கோயில் வாசலில் எந்தக் கிழவியின் கடை. ஒரு பையன் தன் ஊரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இந்தப் பேச்சு வழியாக மட்டும்தான் அவனுக்கு வந்தது. பயமில்லாமல் கையில் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

1984-ல் மாமனாரின் அம்மா, என் கணவரின் அமா, பேரனை வளர்க்க வந்து சேர்ந்தார். இனி நான் அமா என்பது இவரைத்தான். பெட்டியில் ஒரு பச்சை நிற டாட்டுங் குக்கர். 1960-லிருந்து தைவானில் செய்கிறார்கள். வெளிநாடு படிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் பெட்டியில் வைத்துக்கொண்டு போன சாமான் அது. வெளிப் பாத்திரத்தில் ஒரு குவளை தண்ணீர், உள்ளே அரிசிப் பாத்திரம், சுவிட்சை அமுக்கிவிட வேண்டியதுதான். வெளித் தண்ணீர் முழுக்க ஆவியானதும் ‘டக்’ என்று சுவிட்ச் மேலே வரும். அந்தச் சத்தம்தான் தனக்கு ஊர் என்பார் என் கணவர். அந்தக் குக்கர் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. நாற்பது வருஷமாகியும் ஒழுங்காக வேலை செய்கிறது.

அந்த அடுக்களையில் இன்னொரு விஷயமும் இருந்தது. என் மாமியார் தைவானில் பிறந்தாலும் அவர் அப்பா சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்காரர், விமானப்படை ஆள், 1949-ல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமின்டாங் படையோடு கடல் தாண்டி வந்தவர். கௌசியுங் பக்கத்தில் காங்ஷான் என்ற ஊரில் ராணுவக் குடும்பங்களுக்கென்று கட்டிய குடியிருப்பில்தான் மாமியார் வளர்ந்தார். வீட்டில் மாண்டரின், அரசாங்கச் சீன மொழி. தைவானிய மொழி காதில் விழும், வாயில் வராது. இப்படி வந்தவர்களைத் தைவான்காரர்கள் ‘சேப்பங்கிழங்கு’ என்பார்கள். முன்பே அங்கிருந்தவர்கள் தங்களை ‘சர்க்கரைவள்ளி’ என்பார்கள், தீவின் வடிவமே அந்தக் கிழங்கு மாதிரிதான் இருக்கிறது. இரண்டும் கலந்து பிறந்த பிள்ளைக்கு ‘சேம்பு-வள்ளி’ என்றே ஒரு சொல் இருக்கிறது. என் கணவர் அதுதான். அறுபது எழுபது வருஷத்துக் கசப்பை, யார் யாரை அடக்கினார்கள் என்ற கணக்கை, இரண்டு கிழங்கின் பெயரில் அந்த ஊர் வைத்திருக்கிறது. எனக்கு இதை முதலில் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன்.

மாமியார் சமைப்பது மாட்டிறைச்சி நூடுல்ஸ். இன்று தைவானின் தேசிய உணவு மாதிரி அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது அந்த ராணுவக் குடியிருப்புகளில் பிறந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கதை. சிச்சுவான் ஏக்கத்தில் காரமான மொச்சை விழுதை காங்ஷானிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். கோதுமை மாவு அமெரிக்க உதவியாக வந்தது. இரண்டு கை குலுக்கும் படம் போட்ட அந்த மாவு மூட்டைத் துணியில் பிள்ளைகளுக்கு உள்ளாடை தைத்தார்களாம், மாமியாரும் போட்டிருக்கிறார். அமாவோ உழவு மாட்டைச் சாப்பிடக் கூடாது என்று வளர்ந்தவர். மாமியார் அந்த நூடுல்ஸ் வைக்கும் நாளில் அமா தனக்குத் தனியாகச் சர்க்கரைவள்ளிக் கஞ்சி வைத்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். சண்டை இல்லை, முகம் கோணுவது இல்லை. இரண்டு அடுப்பு, அவ்வளவுதான். சின்னப் பையன் இரண்டு இடத்திலும் சாப்பிட்டான்.

வீட்டுக்கு வெளியே தைவான் என்ற பெயரை அவர் எழுத்தில் பார்த்தது பொம்மைகளின் அடியில். எண்பதுகளில் அமெரிக்கக் கடைகளில் வாங்கிய பாதிப் பொம்மைகளில் ‘மேட் இன் தைவான்’ என்று அச்சு இருக்கும். வகுப்பில் ஊர் பெயரைச் சொன்னால் தாய்லாந்தா என்பார்கள். 1986-ல் மான்டரே பார்க் நகர மன்றம் ஆங்கிலமே அதிகார மொழி என்று ஒரு தீர்மானம் போட்டது. எதிர்ப்பு வலுத்து அதே வருஷம் அதைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருஷம் மாமனார் குடும்பத்தோடு கிழக்கே ரோலண்ட் ஹைட்ஸுக்கு மாறினார். மாடிப்படி உள்ள வீடு வேண்டும் என்று மாறினோம் என்பார்.

அப்புறம் பாட்டு. அந்த வீட்டில் மூன்று மொழி ஓடியது. அமாவுக்குத் தைவானிய மொழியும், சின்ன வயதில் பள்ளியில் படித்த ஜப்பானிய மொழியும். மாமியாருக்கு மாண்டரின். பிள்ளைக்கு ஆங்கிலம். மூன்று பேரும் சேர்ந்து கேட்ட குரல் தெரசா டெங் ஒருவருடையதுதான். அவர் ராணுவக்காரரின் மகள், மாமியாரைப் போலவே ‘சேப்பங்கிழங்கு’. மாண்டரினில் பாடினார், ஜப்பானிய மொழியில் பாடினார், தைவானிய மொழியிலும் பாடினார். 1995 மே 8 அன்று தாய்லாந்தில், 42 வயதில், அவர் இறந்த செய்தி வந்தபோது மாமியாரும் அமாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அழுதார்களாம். அதற்கு முன் அவர்கள் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தான் பார்த்ததில்லை என்கிறார் என் கணவர்.

ஆனால் அவருடைய சொந்தப் பாட்டு வந்தது 1992-ல். தாய்னானிலிருந்து ஒரு அத்தை மகன் கேசட் அனுப்பினான். எல்.ஏ. பாய்ஸ் என்ற குழு. அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் என்று மூன்று பையன்கள். வளர்ந்தது அர்வைன், ரோலண்ட் ஹைட்ஸிலிருந்து காரில் போய்விடும் தூரம். அவர்கள் தைவான் போய் ராப் பாடிப் பெயர் வாங்கி, அந்தக் கேசட் பசிபிக்கைத் தாண்டித் திரும்ப இங்கே வந்திருக்கிறது. அதில் தைவானிய மொழியில் ராப். அமா கஞ்சிக்குக் கூப்பிடும் மொழி, ரேடியோவில் கேட்கும் தாளத்தில்! அவருக்குப் பத்து வயது. கிழவிகள் பேசுகிற மொழி என்று நினைத்திருந்ததைத் தன்னை மாதிரியே தொப்பியும் தொளதொள சட்டையும் போட்ட பையன்கள் பாடுகிறார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த மொழியைக் குறைக்க 1976-ல் தைவானில் சட்டமே போட்டிருந்தார்கள், அந்த விதி 1993-ல்தான் போனது என்பதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியாது. அமா கேட்டுவிட்டு உச்சரிப்பு சரியில்லை என்றார். மாமனார் அறை வாசலில் வந்து நின்று, ‘சத்தத்தைக் குறை, வெளியே கேட்கப் போகிறது’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளை மறக்க முடியாது. 2012 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. அப்போது நான் மேற்படிப்பு மாணவி. என் கணவரைத் தெரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வாரம் நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணியில் ஜெரமி லின் என்ற பெயர் திடீரென்று எல்லார் வாயிலும் இருந்தது. தைவானிலிருந்து வந்த பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். புது ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் எந்த அணியும் எடுக்காமல், பிறகு எடுத்த இரண்டு அணிகளும் விடுவித்து, நியூயார்க்கில் அண்ணன் வீட்டு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவர். பிப்ரவரி 4 அன்று 25 புள்ளிகள் எடுத்தார். பத்தாம் தேதி லாஸ் ஏஞ்சலிஸின் லேக்கர்ஸ் அணியோடு ஆட்டம்.

என் கணவர் சின்ன வயதிலிருந்து லேக்கர்ஸ் ரசிகர். அந்த ஒரு நாள் தன் அணி தோற்க வேண்டும் என்று நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். லின் 38 புள்ளிகள் எடுத்தார், நிக்ஸ் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் கூடத்திலிருந்த மச்சான்மார் கத்தினார்கள், என் கணவர் கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘இவன் நடக்கிற நடை எனக்குத் தெரியும், எங்கள் சர்ச்சில் இப்படிப் பத்துப் பையன்கள் இருந்தார்கள்’ என்றார். அமாவுக்கு எண்பத்தைந்து தாண்டியிருந்தது. கூடைப்பந்து என்றால் என்னவென்று தெரியாது. டி.வி.யைக் காட்டி, ‘இது யார் வீட்டுப் பையன், சாப்பிட்டானா?’ என்று கேட்டார்.

என்னையும் அதேதான் கேட்டார். ‘சியா பா புவே?’ சாப்டாச்சா? அந்த ஊரில் பார்த்தவுடன் கேட்பது அதுதான், நம் ஊர் மாதிரியே. அன்று மாமியார் மாட்டிறைச்சி நூடுல்ஸ் வைத்திருந்தார். நான் சாப்பிடுவதில்லை என்று தயங்கிச் சொன்னேன். அமா என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரு கிண்ணம் சர்க்கரைவள்ளிக் கஞ்சி, வதக்கிய கீரை, ஊறுகாய் போட்ட வெள்ளரி. இத்தனை வருஷமாகத் தனியாகச் சாப்பிட்ட இடத்தில் ஒரு துணை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. பொதுவான மொழி இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினோம். 2014-ல் அவர் போய்விட்டார். எங்கள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

முத்து போட்ட பபுள் டீயைச் சொல்லாமல் விட்டால் என் கணவர் கோபித்துக்கொள்வார். கலிஃபோர்னியாவில் அதை போபா என்பார்கள். எண்பதுகளில் தைவானில் பிறந்தது. தாய்ச்சுங் கடை ஒன்றும் தாய்னான் கடை ஒன்றும் நாங்கள்தான் முதல் என்று பத்து வருஷம் வழக்காடி, கடைசியில் 2019-ல் யார் கண்டுபிடித்தார்கள் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில், மான்டரே பார்க்கும் ரோலண்ட் ஹைட்ஸும் இருக்கும் சான் கேப்ரியல் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இரவு வெகுநேரம் வரை உட்கார ஓர் இடம் என்றால் போபா கடைதான். அங்கேதான் தன்னைப் போலவே பாதி மொழி தெரிந்த பிள்ளைகளை அவர் கூட்டமாகப் பார்த்தார். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னை முதல் தடவை அங்கே கூட்டிப்போனபோது ஸ்ட்ராவில் வந்த கறுப்பு முத்தைக் கடித்தேன். ஆத்தூர் சேகோ ஃபேக்டரி களத்தில் காயும் ஈர மாவு வாசம் மூக்கில் ஏறியது. குச்சிக்கிழங்கு! என் அப்பா இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த அதே மாவு. நம் ஜவ்வரிசியின் தூரத்துச் சொந்தம். வாயில் துள்ளி நிற்கும் அந்தப் பதத்தைத் தைவானில் ‘கியூ’ என்கிறார்கள். நல்ல நூடுல்ஸுக்கும் அதே சொல், மீன் உருண்டைக்கும் அதே சொல். தமிழில் அதற்கு ஒற்றைச் சொல் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

2016-ல் மகள் பிறந்தாள். பிரசவித்தவளுக்குத் தைவானில் எள்ளெண்ணெய்க் கோழி கொடுப்பார்கள். வறுத்த எள்ளின் கறுப்பு எண்ணெயில் முற்றின இஞ்சியை வதக்கி, அரிசி மதுவை ஊற்றிக் கொதிக்க வைப்பது. ஆத்தூரிலிருந்து செக்கு நல்லெண்ணெயும் பூண்டும் கட்டிக்கொண்டு வந்த என் அம்மா, அந்த வாசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ‘சரியாத்தான் செய்யறாங்க’ என்றார். அந்த மாதம்தான் மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை அமா என்று கூப்பிடட்டும் என்றார். அவர் பிறந்த வழக்கத்தில் அப்பாவின் அம்மா ‘நைநை’. தனக்கு வாயில் வராத மொழியிலிருந்து, தன் மாமியாரின் சொல்லை எடுத்துக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை நாங்கள் சேர்ந்து நிரப்பினோம். எனக்கு ‘ஆசிய இந்தியர்’ என்று ஒரு கட்டம் தயாராக இருந்தது, தட்டிவிட்டேன். தைவானியருக்குக் கட்டம் கிடையாது. ‘பிற ஆசியர்’ என்பதில் போய் நாமே எழுத வேண்டும். 2010-ல் அப்படி எழுதச் சொல்லிப் பெரிய பிரசாரமே நடந்தது, சுமார் 2,30,000 பேர் எழுதினார்கள். என் கணவர் தைவானியர் என்று தட்டச்சு செய்தார், மகளுக்கும் செய்தார். செய்துவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார்.

போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில்... இல்லை, தேதியோடே சொல்கிறேன்: 2024 நவம்பர் 24. டோக்கியோவில் பிரீமியர்12 பேஸ்பால் இறுதி ஆட்டம், தைவானும் ஜப்பானும். எங்களுக்கு அது அதிகாலை இரண்டு மணி. குடும்பமே விழித்திருந்தது. எட்டு வயது மகளையும் எழுப்பிவிட்டோம். மாமியார் குக்கரில் சர்க்கரைவள்ளிக் கஞ்சி வைத்திருந்தார். சர்வதேச ஆட்டங்களில் தைவான் தன் பெயரில் ஆட முடியாது, ‘சீனத் தாய்பே’ என்றுதான் ஆட வேண்டும். அதனால் வீரர்களின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் வெறுமையாக இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் அணித் தலைவர் சென் சியே-ஷியென் மூன்று ரன் ஹோம்ரன் அடித்தார். ஓடிக்கொண்டே இரண்டு கைவிரலாலும் அந்த வெற்று நெஞ்சில் ஒரு செவ்வகம் வரைந்து காட்டினார். ஊர் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம். ஆட்டம் 4-0 என்று முடிந்தது.

என் கணவர் மகளுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார். இங்கே பேர் இருக்கணும், இல்லை, அதனால் அவர் கட்டம் போட்டுக் காட்டுகிறார் என்று. அப்போது மாமனார் நாற்காலியிலிருந்தபடியே இரண்டு கையையும் தூக்கித் தன் நெஞ்சில் அதே மாதிரி வரைந்தார். அணித் தலைவர் வரைந்ததைவிடப் பெரிதாக.

‘இவ்வளவு பெரிசு’ என்றார், தைவானிய மொழியில்.

என்ன என்று கேட்டார் என் கணவர்.

‘பலகை.’

பள்ளிக்கூடத்தில் மாண்டரின் தவிர வேறு பேசினால் கழுத்தில் ஒரு பலகை மாட்டிவிடுவார்களாம். இனி வட்டார மொழி பேச மாட்டேன் என்று எழுதியிருக்கும். அடுத்து ஒரு பையன் மாட்டிக்கொள்ளும் வரை கழற்ற முடியாது. மூன்றாம் வகுப்பில் அவர் கழுத்தில் அது நான்கு நாள் தொங்கியிருக்கிறது. நாற்பத்திரண்டு வயது மகன் இதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறார்.

மகளும் மூன்றாம் வகுப்பு. அவள்தான் கேட்டாள், ‘அகோங், அப்படி என்ன பேசினே?’

‘பசிக்குதுன்னு சொன்னேன்’ என்றார்.

மாமியார் எழுந்துபோய்க் குக்கர் மூடியைத் திறந்தார்.